இடைநிரப்பி

சியோலில் தொலைபேசியில் யாரும் தயங்கிப் பல வருஷம் ஆகிறது. மாமனாரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் மாப்பிள்ளை விழித்தால், அவனுடைய குரலிலேயே, "அங்கேயும் மழையா மாமா?" என்று தொலைபேசிக்குள் இருக்கும் இடைநிரப்பி கேட்டுவிடும். மாமனாருக்கும் பதில் தோன்றவில்லையென்றால் அவர் பக்கத்து இடைநிரப்பி பதில் சொல்லும். இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டே தங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இதனால் விவாகரத்துகூடக் குறைந்திருக்கிறது என்று அதைச் செய்து விற்கும் கம்பெனி சொல்கிறது. கம்பெனி அப்படித்தான் சொல்லும்.

அந்தக் கருவிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள் ஓக்ஜு.

இளம் வயதில் ஒலிபரப்பு நிலையத்தின் தேர்வில் ஜெயித்துக் குரல் நடிகையானவள். முதலில் கூட்டத்தில் கத்தும் குரல், அழும் குழந்தை, ஒருமுறை ஒரு வாத்து. பிறகு, வாரக் கடைசியில் டிவியில் போடும் வெளிநாட்டுப் படங்களின் நாயகிகள் எல்லோரும் அவள் குரலில்தான் கொரிய மொழி பேசினார்கள். அவளுக்கென்று ஒரு கைவரிசை உண்டு. கொரிய வசனம் தீர்ந்த பிறகும் திரையில் நடிகை வாயசைத்துக்கொண்டிருப்பாள். அந்த மிச்ச வாயசைப்பில், "ம், அப்புறம்?", "போங்க, உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான்" என்று காகிதத்தில் இல்லாத எதையாவது ஓக்ஜு பாந்தமாகச் செருகிவிடுவாள்.

நாயகனுக்குக் குரல் கொடுத்த பியோங்குன் நேர்மாறு. அவளுக்கு இரண்டு வருஷம் சீனியர். வாய் அசைந்தால் அசையட்டும் என்று சும்மா நிற்பார், இயக்குநரிடம் திட்டு வாங்குவார். அவருடைய இடைவெளிகளையும் ஓக்ஜுவே நிரப்பினாள். ஒரே மைக் முன்னால் தோளோடு தோள் நின்று, யார் யாருக்காகவோ இருவரும் வருஷக்கணக்காகக் காதலித்தார்கள். அவள் மனசில் இருந்தது மட்டும் எந்தப் படத்துக்கும் சொந்தமில்லாதது.

ஜனங்கள் சப்டைட்டிலோடு படம் பார்க்கப் பழகி, டப்பிங் நின்றுபோனது. கடைசி நாள், ஸ்டுடியோ வாசலில் பியோங்குன், "ஓக்ஜு, நான் வந்து..." என்று ஆரம்பித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஓக்ஜுவுக்குப் பழக்கதோஷம். "தெரியும் சீனியர், பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க" என்று அவளே முடித்துவைத்தாள். அவர் கிளம்பிப் போய்விட்டார். அந்த உதட்டசைவில் என்ன இருந்தது என்று அறிய அவள் ஏங்காத நாள் கிடையாது.

அதற்கப்புறம்தான் கம்பெனிக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, ஒரு தயக்கத்தை எப்படியெல்லாம் மூடலாம் என்று மாதக்கணக்கில் பேசிக் காட்டினாள். எந்தச் சொல்லுக்குப் பிறகு மூச்செடுப்பது, எங்கே லேசாகச் சிரிப்பது, எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். இடைநிரப்பியில் குரல் அவரவருடையது, நடை ஓக்ஜுவுடையது. வேண்டாமென்று அணைத்துவைக்கவும் முடியாது. பேச்சு நின்றால் இணைப்பு செத்துவிட்டதென்று தொலைபேசிக் கோபுரங்கள் துண்டித்துவிடும்.

பியோங்குன் இப்போது கங்நுங்கில், கடலோரம், தனியாக இருக்கிறார். எப்போதாவது கூப்பிடுவார். திக்கித் திணறும் அவர் பேச்சு நடுவில் சட்டென்று சரளமாகும்போது ஓக்ஜுவுக்குத் தெரிந்துவிடும். மனிதர் அங்கே தயங்கியிருக்கிறார். அவளுக்கு வேண்டியது அந்தத் தயக்கம். வந்து சேர்வதோ, "குளிர் ஆரம்பிச்சுடுச்சு, உடம்பைப் பாத்துக்கோ."

இந்த இலையுதிர் காலத்தில் கம்பெனி எல்லாத் தொலைபேசிகளிலும் புதிய பதிப்பை ஏற்றியது. இது வெறும் உபசார வார்த்தை பேசாதாம். தொண்டையின் துடிப்பைப் படித்து, நாக்கு நுனியில் நிற்பதையே சொல்லிவிடுமாம். விளம்பரங்களை நம்பாத ஓக்ஜு, இதை மட்டும் நம்ப ஆசைப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கூப்பிட்டார்.

"கடல் எப்படி இருக்கு சீனியர்?"

"இருக்கு, அப்படியேதான்." இருமினார். "மீன்காரம்மா இன்னைக்கு வரலை."

"அப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"ஏதோ, நூடுல்ஸ்." மறுபடி இருமினார். "ஓக்ஜு, நான் வந்து..."

அதே வார்த்தை. இந்தத் தடவை எதையும் செருகிவிடக் கூடாதென்று அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"...உன்னை நினைக்காம ஒரு நாளும் போனதில்லை. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

ஓக்ஜுவின் கண்ணில் நீர் முட்டியது. எத்தனை வருஷத்து ஆசை. ஆனால் பழகிய காது சும்மா இருக்கவில்லை. 'நினைக்காம' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு குட்டி மூச்சு. 'அன்னைக்கே' என்பதில் பாதிச் சிரிப்பு. அந்த மூச்சு பியோங்குனுடையது அல்ல. கண்ணாடி அறையில் அவள் எடுத்த மூச்சு அது. அவருடைய குரலில் அவளே அவளிடம் காதலைச் சொல்லியிருக்கிறாள்.

அவர் மனசில் இருந்ததைத்தான் கருவி படித்ததா, இல்லை ஒரு பெண் கேட்க விரும்புவதைச் சொன்னதா? கேட்டுவிட வேண்டியதுதான். 'சீனியர், இது நீங்க சொன்னதா?' நாலே வார்த்தை. இல்லை என்று சொல்லிவிட்டால்? அவள் கையை எடுத்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

காதருகே அவளுடைய குரல், எந்த நடுக்கமும் இல்லாமல், பாந்தமாகக் கேட்டது.

"தெரியும் சீனியர். காத்து பலமா இருக்கும், ஜன்னலைச் சாத்திக்கோங்க. வைக்கட்டுமா?"

மறுமுனையில் ஒரு செருமல்.

"ச... சரி ஓக்ஜு."

மூச்சு தப்பான இடத்தில் விழுந்தது, குரல் பாதியில் கரகரத்தது. அதைச் சொன்னது அவரேதான்.