யாரும் வரையாத வேன்!

"ஐயய்யோ... புனிதரைக் காணோம்!"

மேயர் பெரொன் போட்ட அலறலில் கெர்லான் துறைமுகத்துக் கடற்பறவைகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன.

அப்பம் தின்றுகொண்டிருந்தவர்கள் அப்பத்தோடு திரும்பினார்கள். ஆப்பிள் மது குடித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டும், குடித்து முடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

சார்ஜன்ட் எனோரா துறைமுகத்திலிருந்து ஓடி வந்தாள். மத்தியானத்திலிருந்து அங்கே ஒரே பார்க்கிங் தகராறு. கோடைத் திருவிழாவுக்கு வந்த பாதிப் பேருக்குக் காரை நிறுத்தத் தெரியவில்லை. மீதிப் பேருக்கு எடுக்கத் தெரியவில்லை.

"என்ன ஆச்சு மேயர்?"

"மேல பாரும்மா!"

பார்த்தாள்.

சதுக்கத்தின் நடுவே நீரூற்று. நீரூற்றுக்கு மேலே கல் மாடம். ஐந்நூறு வருஷமாக அந்த மாடத்தில் நின்றுகொண்டிருந்த மரச்சிலை... புனித கெனெவல்... மீனவர்களின் காவல் தெய்வம்...

இல்லை!

மாடத்தில் ஒரு புறா மட்டும் உட்கார்ந்து, 'நானில்லை' என்பது போல விழித்தது.

"எப்ப காணாமப் போச்சு?"

"தெரியாது!"

"யாராவது பாத்தாங்களா?"

"யாராவதா? நாப்பது பேரு பாத்தாங்கம்மா! காலையிலேர்ந்து நாப்பது ஓவியருங்க இதைச் சுத்தி ஸ்டாண்டு போட்டு உக்காந்து, இந்த மாடத்தையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க!"

"அப்புறம்?"

"ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியலை!"

அன்றைக்கு வட்டார ஓவியப் போட்டி. காலையில் வெற்று கேன்வாஸை எடுத்துக்கொண்டு டவுன் ஹாலுக்குப் போனால், பின்பக்கம் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். சாயங்காலத்துக்குள் சதுக்கத்தை வரைந்து கொடுக்க வேண்டும். அப்புறம் நடுவர்கள் மூன்று பேர் வந்து, தாடையைத் தடவிக்கொண்டு பார்த்துவிட்டு, பரிசு சொல்வார்கள்.

எனோரா, படங்களை மாட்டியிருந்த பந்தலை எட்டிப் பார்த்தாள்.

நாற்பது படம். நாற்பதிலும் புனிதர் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தார்!

"புனிதரை எல்லாரும் காலையிலயே வரைஞ்சு முடிச்சுட்டாங்க. அப்புறம் எவன் நிமிர்ந்து பாத்தான்?" மேயர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆறு மணிக்குப் படகு ஊர்வலம். புனிதர் ஏறாம ஒரு படகும் நகராது. மீன்காரங்க என்னையே தூக்கிப் படகுல கட்டிடுவாங்க!"

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

மேயர் சட்டென்று தன் ஷூவைப் பார்த்தார்.

"இருக்கு..."

"யாரு?"

"தப்பா நினைச்சுக்காத எனோரா... உங்க வீட்டுக்காரர்தான்."



*

கூல்வென். படகு எஞ்சின் மெக்கானிக். செத்த எஞ்சினுக்கும் உயிர் கொடுப்பான். ஆனால் தூரிகையைப் பிடித்தால், உயிரோடு இருப்பதும் செத்துவிடும்.

இருந்தும் வருஷா வருஷம் போட்டியில் கலந்துகொள்வான். வருஷா வருஷம் தோற்பான். தோற்றதும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சூப் வைப்பான்.

போன வருஷம் மட்டும் சிரிக்கவில்லை.

தலைமை நடுவர் அதெமார், கூட்டத்துக்கு முன்னால் அவன் படத்தைத் தூக்கிக் காட்டி, "ஒரு அழகான சதுக்கத்துல, இவ்வளவு பெரிய மஞ்சள் குப்பைத்தொட்டியை நட்டநடுவுல வரைய எப்படி மனசு வந்தது?" என்று கேட்டார். ஊரே கொல்லென்று சிரித்தது. எனோராகூடச் சிரித்துத் தொலைத்தாள்.

கூல்வென் மைக்கைப் பிடுங்கினான்.

"அடுத்த வருஷம் இந்தச் சிலையே இங்க இருக்காது! அப்ப எதை வரையறீங்கன்னு நானும் பாக்கறேன்!"

இப்போது சிலை இல்லை!

டவுன் ஹாலின் பின்னறையில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். எனோரா கதவைச் சாத்தினாள்.

"நீ எடுத்தியா?"

"என்னைப் பாத்தா கேக்கற?"

"போலீஸ் கேக்குது."

"போலீஸ்கிட்ட சொல்லு... நான் எடுக்கலை. பொண்டாட்டிகிட்டயும் சொல்லு."

"மத்தியானம் எங்க இருந்தே?"

"சாப்ட்டேன். கோயிலுக்குப் பின்னாடி நிழல்ல படுத்தேன். தூங்கிட்டேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"தூங்கறவனுக்கு அதெப்படித் தெரியும்?"

எனோரா பல்லைக் கடித்தாள்.

"போன வருஷம் ஏன் அப்படிக் கத்தினே? ஒரு குப்பைத்தொட்டிக்காகவா?"

கூல்வென்னின் முகம் சிவந்தது.

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"வெக்கமா இருக்கு."

"விலங்கு மாட்டினா வெக்கமா இருக்காதா? மாவட்ட இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டாராம். ஆறு மணிக்குள்ள சிலை கிடைக்கலைன்னா, உன்னை வண்டியில ஏத்திடுவார்!"

"ஏத்தட்டும்," என்றான் அவன் பிடிவாதமாக. "உனக்கு சூப் ஃப்ரிட்ஜுல இருக்கு."

பதினெட்டு வருஷக் குடித்தனம். இந்த ஆள் பொய் சொன்னால் காது ஆடும். இப்போது காது ஆடவில்லை. அது அவளுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் காதைப் பார்த்தா கேஸ் எழுதுவார்?

எனோரா வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்தலை நோக்கி நடந்தாள்.

*

நாற்பது பேர் வரைந்திருக்கிறார்கள். ஒருவர் படத்திலாவது ஏதாவது சிக்கியிருக்காதா?

முதல் படம்... நீரூற்று, புறா, பூந்தொட்டி.

அடுத்தது... நீரூற்று, புறா, பூந்தொட்டி, அழகான ஒரு பெண்.

அதற்கடுத்தது... பெண் மட்டும் மாறியிருந்தாள்.

ஒரு காரில்லை. ஒரு கரண்ட் கம்பியில்லை. திருவிழாவுக்கு வந்த அத்தனை கூட்டத்தையும் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள்!

கடைசி மூலையில், கிட்டத்தட்ட கழிப்பறைக்குப் பக்கத்தில், ஒரு படம் தொங்கியது.

பெயர் பார்க்கத் தேவையில்லை. நீரூற்று கோணலாக இருந்தது. தேவாலயம் மூக்குச் சிந்துவது போலிருந்தது. கூல்வென்னேதான்!

எனோரா பெருமூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது.

படத்தின் நட்டநடுவில்...

பெரிய மஞ்சள் பெட்டி ஒன்று. அதன் கீழே கறுப்பாக இரண்டு வட்டம். உச்சியில், பளீரென்று ஆரஞ்சு வெளிச்சம்.

மஞ்சள் உடம்பு. இரண்டு சக்கரம். மேலே சுழல்விளக்கு!

"ரிப்பேர் வேன்!" என்று கத்தியேவிட்டாள் எனோரா.

தெருவிளக்கு ரிப்பேர் பார்க்கிறவர்கள் கொண்டுவருவார்களே... ஏணியோடு! திருவிழா அன்றைக்கு எவன் ரிப்பேர் பார்க்கிறான்?

பக்கத்தில் தூரிகை கழுவிக்கொண்டிருந்த ஓவியர் ஒதில் அம்மாளின் கையைப் பிடித்தாள்.

"மதாம், மத்தியானம் நீரூற்றுகிட்ட மஞ்சள் ரிப்பேர் வேன் ஏதாவது நின்னுச்சா?"

"நின்னுச்சே! சனியன், என் பூந்தொட்டியை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. எப்படா தொலையும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஏணி?"

"ஏணி போட்டு ரெண்டு பேரு என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தானுங்க."

"என்ன பண்ணாங்க?"

"நான் எதுக்கு அதைப் பாக்கறேன்? நானா வேனை வரையப் போறேன்?"

"ஏம்மா வரையலை?"

ஒதில் அம்மாள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"வரைஞ்சா பரிசு கிடைக்காதே! இந்த வருஷம் புது விதியாச்சே. வண்டி, கம்பி, குப்பைத்தொட்டி, இதெல்லாம் படத்துல இருந்தா அப்பவே தூக்கி வெளிய போட்டுடுவோம்னு காலையிலயே மைக்ல சொன்னாங்களே!"

"யாரு சொன்னது?"

"தலைமை நடுவர்தான். அதெமார்."

எனோராவின் மூளைக்குள் ஒரு விளக்கு சுழல ஆரம்பித்தது. அதுவும் ஆரஞ்சு நிறம்தான்.

*

நடுவர்களின் கூடாரத்தில் அதெமார் கால்மேல் கால் போட்டு, சிப்பியைச் சுவைத்துக்கொண்டிருந்தார். நகரத்தில் பழம்பொருள் கடை. கழுத்தில் பட்டுத்துணி. இந்த வெயிலிலும்!

மேயரும் பின்னாலேயே வந்து நின்றார்.

"என்ன சார்ஜன்ட், புருஷன் ஒத்துக்கிட்டாரா?"

"ஒரு படத்தைப் பத்தி உங்க அபிப்பிராயம் கேக்கணும் சார்."

கூல்வென்னின் படத்தை மேஜைமேல் வைத்தாள்.

அதெமார் சிரித்தார். "ஓ... நம்ம குப்பைத்தொட்டிக்காரர்! இந்த வருஷம் என்ன? மஞ்சளா ஏதோ..."

"நல்லாப் பாருங்க சார். மஞ்சள் உடம்பு. கறுப்புச் சக்கரம். மேல ஆரஞ்சு விளக்கு."

சிரிப்பு நின்றது.

"மாடத்துக்கு நேர் கீழே, சார்."

சிப்பி தட்டில் விழுந்தது.

"நாப்பது பேரு முன்னாடி பட்டப்பகல்ல சிலையை எறக்கணும். எப்படி? ஒண்ணைப் பாக்காதேன்னு சொன்னா எல்லாரும் அதையே பாப்பாங்க. வரையாதேன்னு சொன்னா... ஒரு பய பாக்க மாட்டான். பிரமாதமான திட்டம் சார். ஆனா ஒரே ஒருத்தர் உங்க பேச்சைக் கேக்கலை."

அதெமார் துள்ளி எழுந்தார்.

"முட்டாள்! வேனை யாரும் வரையக் கூடாதுன்னு மைக்ல அவ்வளவு தெளிவா..."

பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

தாமதம். மிகவும் தாமதம்!

"எந்த வேனை சார்?" என்றாள் எனோரா இனிமையாக.

மேயரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அதெமார் கூடாரத்தின் பின்பக்கமாகப் பாய்ந்தார். பட்டுத்துணி கயிற்றில் மாட்டியது. எனோரா நிதானமாகப் போய் விலங்கை மாட்டினாள்.

சட்டைப்பையில் வேன் சாவி இருந்தது.

வேன், மூடிக்கிடந்த மத்தி மீன் தொழிற்சாலைக்குப் பின்னால் நின்றது. உள்ளே, ஏணி பிடித்த இரண்டு பேரும் அப்பம் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, போர்வைக்குள்ளிருந்து புனித கெனெவல் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

சதுக்கம் அதிர்ந்தது!

மேயர் மைக்கைப் பிடித்தார். "மத்த ரெண்டு நடுவருங்களும் ஒருமனசாச் சொல்லிட்டாங்க. கண்ணால கண்டதை அப்படியே வரைஞ்ச ஒரே ஓவியர்... நம்ம புனிதரைக் காப்பாத்தின ஓவியர்... முதல் பரிசு, கூல்வென்!"

கைத்தட்டல் காதைப் பிளந்தது. ஒதில் அம்மாள் மட்டும் தட்டவில்லை.

கூல்வென் ஒன்றும் புரியாமல் மேடையேறி, வெள்ளி மத்தி மீன் கோப்பையை வாங்கி, புரியாமலே இறங்கினான். எனோரா ஊரறிய அவனைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள்.

"என்னை மன்னிச்சுடுடா. இத்தனை வருஷம் உனக்கு வரையத் தெரியாதுன்னு நினைச்சேன். அந்த வேனை என்ன தத்ரூபமா வரைஞ்சிருக்கே!"

"எந்த வேனை?"

"அதான்... படத்து நடுவுல."

"எனோ... நான் எங்க வேனைப் பாத்தேன்? மத்தியானம் தூங்கிட்டில்ல இருந்தேன்!"

"அப்ப அந்த மஞ்சள் பெட்டி?"

கூல்வென் தரையைப் பார்த்தான். அவன் காது ஆடவில்லை.

"அது... உன் ட்யூட்டி ஜாக்கெட்."

எனோரா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். திருவிழா பந்தோபஸ்துக்காகக் காலையிலிருந்து மாட்டியிருந்த மஞ்சள் ஜாக்கெட் பளபளத்தது.

"அந்தக் கறுப்புச் சக்கரம்...?"

"உன் பூட்ஸ்."

அவள் கை மெல்ல மேலே போய், தன் செம்பட்டை முடியைத் தொட்டது.

"ஆரஞ்சு விளக்கு...?"

"வெயில்ல உன் தலை அப்படித்தான்டி மின்னும். வருஷா வருஷம் நீதான் சதுக்கத்துல காலை ட்யூட்டி. நானும் வருஷா வருஷம் உன்னைத்தான் வரையறேன். போன வருஷம் அந்த ஆளு உன்னைப் போயி குப்பைத்தொட்டின்னான்... ஊரே சிரிச்சுது... நீயும் சிரிச்சே. அதான் தாங்காம மைக்கைப் பிடுங்கிட்டேன்."

எந்த வைரமும் வாங்கித் தராத மனுஷன். இவ்வளவு வருஷமும் ஊர் சிரிக்கச் சிரிக்கத் தன்னை மட்டுமே பார்த்து வரைந்திருக்கிறான்! அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வைத்தவள், திடீரென்று எதையோ நினைத்து நிமிர்ந்தாள்.

"அது சரி... அதுக்கு முந்தின வருஷம், 'கொழுகொழுன்னு பசுமாடு நல்லா வந்திருக்கு'ன்னு ஆறுதல் பரிசு குடுத்தாங்களே... அது யாரு?"

கூல்வென் கையை உருவிக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

புனிதரின் ஊர்வலம் ஆறு மணிக்கு. ஆனால் அதற்கு முன்பே தரையில் ஒரு ஊர்வலம் புறப்பட்டுவிட்டது... முன்னால் முதல் பரிசு, பின்னால் போலீஸ்!