இரு கிளையிலும் இல்லாதவள்

இணைப்பு பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே முகிலி தூத்துக்குடி நினைவு ஒப்பீட்டகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் கணவர் அதியனின் நினைவை இரண்டு கிளைகளாகப் பிரித்தார்கள். ஒரு கிளை எந்திர உடலில் ஏறி நிலவுச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனது. மற்றது சொந்த உடலோடு வீட்டிலேயே இருந்தது. இன்று இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். உள்ளறையில் அதியன் மயக்கத்தில் கிடந்தார்.

ஒப்பீட்டாளர் ஸ்டெல்லா இரு கிளைகளையும் திரையில் அருகருகே விரித்தாள். வேறுபட்ட இடங்கள் மட்டும் மஞ்சளாய் மின்னின.

“நிலவுக்கிளை காபிய விட்டாச்சு. வீட்டுக்கிளை தினம் நாலு குடிக்குது. எத வச்சுக்கலாம்க்கா?”

“விட்டதையே வை. எனக்கு வேலை மிச்சம்,” என்று சிரித்தாள் முகிலி.

பட்டியல் முடிந்தபோது அவளுக்கு உறுத்தியது. “எங்க மக வெண்பாவப் பத்தி ஒண்ணுமே வரலையே? இவரை ரெண்டாப் பிரிக்கிறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி போயிட்டா. ஏழு வயசு.”

“ரெண்டுலயும் ஒரே மாதிரி இருந்தா காட்டாதுக்கா.”

“எதுக்கும் பிரிக்கிறதுக்கு முன்னாடி இருந்த மூலப் பிரதியோட வச்சுப் பாரேன்.”

வைத்ததும் திரை முழுக்கச் சிவந்தது. அழிப்பு. நிலவுக்கிளை போய்ச் சேர்ந்த பதினோராம் நாளே அழித்திருந்தது. வீட்டுக்கிளை போன மாதம், வெண்பாவின் நினைவுநாளுக்கு முந்தின நாள். ஒன்றுக்கொன்று தெரியாமல், இரண்டும் அதே ஏழு வருஷத்தை.

மறுநாள் மகளின் படத்துக்கு மாலை போடும்போது அவர் வாய் திறக்கவில்லை. துக்கம் என்று முகிலி நினைத்திருந்தாள். யார் படமென்று தெரியாமல் மரியாதைக்கு நின்றிருக்கிறார்!

“மூலத்துலேருந்து எடுத்துப் போடு, ஸ்டெல்லா.”

“முடியாதுக்கா. ரெண்டு கிளையும் ஒத்துப்போனா அது அவரோட விருப்பம். சட்டப்படி யாரும் தொடக்கூடாது.”

இணைப்பு முடிந்து அதியன் கண் விழித்தார். முகிலியைப் பார்த்துச் சிரித்தார். அவளால் பொறுக்க முடியவில்லை.

“ஏங்க, நமக்கு ஒரு மக இருந்தா. வெண்பா. மூணு நாள் காய்ச்சல். உங்க மடியிலதான் உசுரு போச்சு.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அலைபேசியில் அவள் காட்டிய முகத்தை உற்றுப் பார்த்தார். தன் மூக்கையும் தன் நெற்றியையும் அதில் கண்டுகொண்டவர், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார். அன்றைக்குத்தான் செய்தி வந்த தகப்பனைப்போல.

வெகுநேரம் கழித்து ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்.

“மேடம்... இத அழிக்க முடியுமா?”