உலகநாதன் தெரு, 1972

“பூட்டின வீட்டுக்குள்ள ஒரு பொருள் தானா வந்து சேருமா, நஃபீஸத்?”

கோமு இதைக் கேட்டபோது வெள்ளிக்கிழமை காலை 11.10. தபால் கொடுக்கும் நஃபீஸத், திருநெல்வேலி உலகநாதன் தெருவில் அப்போதுதான் சைக்கிளை நிறுத்தியிருந்தாள். கையில் கோமுவுக்கு வந்த பம்பாய்க் கடிதம். உறையில் நடுங்கும் எழுத்தில் ‘உலகநாத பிள்ளை தெரு’ என்றிருந்தது. ஊரைவிட்டுப் போய் ஐம்பது வருடமான ஒரு சொந்தக்காரர் எழுதுவது. அவர் கடிதங்கள் அப்படித்தான் வரும்.

பட்டப்பகலில் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. கோமு அவளை உள்ளே இழுத்தாள். அறுபதைத் தாண்டியவள், கணவன் இல்லை, பிள்ளையும் இல்லை.

“ஒரு மாசமா நடக்கு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்தா, மாமனார் நாற்காலிக்கு அடியில சுருட்டுச் சாம்பல் கிடக்கு. அவரு செத்து இருபது வருசமாச்சு. இன்னைக்கு இது.”

டிரங்குப் பெட்டியில் இருந்த வீட்டுப் பத்திரத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் பழுப்பேறிய வேறொரு தாள். போனதைவிட வந்ததுதான் அவளை அதிகம் நடுங்கவைத்தது. உலகநாதன் தெருவிலுள்ள இந்த வீடு என் மகளுக்கே என்று, 1972ஆம் வருடத் தேதியிட்டு, மாமனாரின் கையெழுத்து.

“என்னைப் போகச் சொல்லுதாரு. நாளைக்குப் பத்து மணிக்கு மகேஷுக்கு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பிருதேன். இனிமே இங்கன படுக்க முடியாது.”

மகேஷ், இறந்துபோன அந்த மகளின் ஒரே மகன். தச்சநல்லூரிலிருந்து வந்து அத்தைக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பவன்.

நஃபீஸத் தாளை இரண்டு முறை படித்தாள். “மகேஷை வரச் சொல்லுங்கக்கா. மாடியில குடியிருக்கவரையும்.”

காலை 11.50. மகேஷும் மாடிக்காரர் சிவகணேஷும் கூடத்தில் நின்றார்கள்.

“பூட்டு உடையலை. மாடிக்காரர் இன்னைக்கு மட்டும் வேலைக்குப் போகலை. ஏன்னு கேளுங்க” என்றான் மகேஷ்.

“காய்ச்சல் வே” என்றார் சிவகணேஷ். “பேய் வேலை பாக்கதுக்கு கங்கைகொண்டான் கம்பெனியில லீவு தரமாட்டான்.”

“பூட்டு யாரு வாங்கினது?” என்றாள் நஃபீஸத்.

“நான்தான். போன மாசம்” என்றான் மகேஷ்.

“எத்தனை சாவி?”

“ரெண்டு. ரெண்டும் அத்தைகிட்ட.”

“இதே பூட்டுதான் எங்க ஆபீஸ் கொட்டகைக்கும். மூணு சாவி வரும், தம்பி.”

“கடைக்காரன் ரெண்டுதான் தந்தான். சாவியை விடுங்க. அது தாத்தா கையெழுத்து.”

“கையெழுத்தைப் பாத்து எழுதிரலாம். தாத்தா காலத்துத் தெருவை எங்க போய்ப் பாக்க?”

பம்பாய் உறையை அந்தத் தாளின் பக்கத்தில் வைத்தாள்.

“தெருப் பலகையில சாதிப் பேரை அழிச்சது எழுபத்தொன்பதுல. அதுக்கு முந்தி வரி ரசீது, கலியாணப் பத்திரிகை எல்லாத்துலயும் உலகநாத பிள்ளை தெருதான். எழுபத்திரெண்டுல உலகநாதன் தெருன்னு எழுத இந்த ஊர்ல ஆளே கிடையாது. இதை எழுதினவரு புதுப் பலகையைப் பாத்தே வளந்தவரு.”

“அவரும் அப்படித்தான!” மகேஷ் சிவகணேஷைக் காட்டினான்.

“ஆமா. ஆனா இந்தத் தாளால அவருக்கு ஒரு செங்கல்லும் வராது. உங்களுக்கு வீடே வருது. மூணாவது சாவியும் உங்ககிட்டதான் இருக்கு. அத்தை கோயிலுக்குப் போற நேரமும் தெரியும். சாம்பலைப் போட்டது நீங்க. பத்திரத்தை எடுத்ததும் நீங்க.”

கோமு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே, ஒரு மாசமா விளக்கணைக்காம உக்காந்திருந்தேனே. சத்தம் கேட்டா உனக்குத்தானலே போன் போட்டேன்.” அவன் பக்கம் திரும்பினாள். “எனக்கு வேற யாரு இருக்கா? எனக்கப்புறம் வீடு உனக்குத்தான்னு போன வருசமே எழுதி வச்சுட்டேன்.”

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகேஷ் தலையைத் தூக்கவில்லை. வாசலுக்கு வந்தான். செருப்பைக்கூட மாட்டாமல் வெயிலில் இறங்கி நடந்தான்.