ஒன்பதாம் நம்பர் டிப்ஸ்

"சூரியன் தப்பான இடத்துல இருக்குங்க!"

தலைக்கு மேலிருந்து வந்த குரலில் தஸ்னீம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை போகும் டவுன் பஸ். வெளியே ஐப்பசி மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்தபடி நின்ற அந்த நெட்டையனின் பார்வை, அவள் மடியில் திறந்திருந்த லேப்டாப்பில் இருந்தது. அடடா, என்ன கண்கள்... மழை சொட்டும் இமைகளுக்குள் சிரிப்பை ஒளித்து வைத்துக்கொண்டு, எதையாவது கேட்டுவிடத் துடிக்கும் கண்கள்! ஆனால் தஸ்னீமுக்கு அப்போது வந்தது கோபம்தான்.

"என்னது?"

"அது நம்ம ஊரு ஆத்தங்கரைதானே? வெள்ளாறு கடல்ல சேர்ற எடம். படகுத்துறை, ஐஸ் கம்பெனி எல்லாம் அச்சு அசலா இருக்கு. ஆனா சூரியன் கடலுக்குள்ள விழுந்துகிட்டு இருக்கே... நம்ம கடல்ல சூரியன் எந்திரிக்கத்தானே செய்யும்?"

சுருக்கென்றது அவளுக்கு. தஸ்னீம் சிதம்பரம் வடக்கு வீதியில் ஒரு பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். நாலு மாதமாக அவளும் பதினைந்து மாணவிகளும் சேர்ந்து பரங்கிப்பேட்டையை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் சரி, ஒரு பொம்மை உருவம் எடுத்து உள்ளே நுழைந்தால் ஊர்த் தெருவில் உலாத்தலாம். அடுத்த வாரம் சனிக்கிழமை கடலூரில் கண்காட்சி. இந்த நாலு மாதத்தில் ஒருத்தர் கண்ணிலும் படாத தப்பு, போகிற வருகிற ஒருவன் கண்ணில் பட்டுவிட்டதே!

"இது விர்ச்சுவல் வேர்ல்டு சார். இங்க நான் வெச்சதுதான் தெச."

"அப்படியா? அப்போ கருவாடு காயறதுக்கு வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்னும் நீங்களே சொல்லிடுங்க."

பின்சீட்டில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கெக்கெக்கே என்று சிரித்தாள். தஸ்னீமுக்குக் காது சிவந்தது.

"அடுத்தவங்க லேப்டாப்ப எட்டிப் பாக்கறது நல்ல பழக்கமா?"

"இல்லதான். ஆனா ஒன்பதாம் நம்பர் டிப்ஸ்ல என்ன சொல்லியிருக்கு? 'நாலு பேர் பாக்கற எடத்துல ஸ்க்ரீனத் தொறக்கறீங்களா? மொதல்ல தேவையில்லாததையெல்லாம் மூடி வெச்சிடுங்க கண்ணுங்களா!'"

அந்தக் 'கண்ணுங்களா' வரைக்கும் அவள் பேச்சு... அவள் இழுவை!

தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் பேசி மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். போனில் இடமில்லையா, குட்மார்னிங் பூப்படங்களையெல்லாம் அழியுங்கள். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். எழுத்து தெரியவில்லையா, இந்தப் பட்டனை அழுத்தினால் பெரிதாகும். இப்படி இருநூறு டிப்ஸ்களுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பதினைந்து பெண்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத சங்கதி இவனுக்கு எப்படி?

கேட்பதற்குள் ஜன்னல் ஷட்டர் படாரென்று கழன்று விழுந்தது. மழை நேராக லேப்டாப் மேல் பாய்ந்தது. அவன் கண்ணிமைக்கும் நேரத்தில் குடையை விரித்து அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே பிடித்தான்.

"யோவ், பஸ்ஸுக்குள்ள என்னாய்யா கொடை?" என்று கண்டக்டர் கத்தினார்.

"மழ பஸ்ஸுக்குள்ள பெய்யுதுண்ணே!"

பஸ்ஸே சிரித்தது. தஸ்னீம் உதட்டைக் கடித்துக்கொண்டு துப்பட்டாவால் லேப்டாப்பை மூடினாள். முட்லூரில் அவன் இறங்கிப் போய்விட்டான். பெயர்கூடச் சொல்லவில்லை, மகராசன். அன்றைக்கு முழுக்க அவளுக்கு ஒரே யோசனை... யார் இவன்?

மறுநாள் வகுப்பில் அல்மாஸ் என்ற மாணவி தானாகவே விஷயத்தை உடைத்துவிட்டாள்.

"டீச்சர், பஸ்ஸுல எங்க அண்ணனத் திட்டினீங்களாமே!"

"உங்க அண்ணனா அது?"

"யாசர் அண்ணன். ஷார்ஜாவுல துறைமுகத்துல கிரேன் ஓட்டுது. உங்க டிப்ஸையெல்லாம் நான்தான் அனுப்பி வெப்பேன். அதக் கேட்டுட்டுத்தான் கிரேன்ல ஏறுமாம்."

"கிரேன் ஓட்டறவருக்கு என் டிப்ஸ் எதுக்காம்?"

"அதான் டீச்சர் எனக்கும் புரியல..." என்று அல்மாஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "லீவு முடியப்போவுது. அடுத்த ஞாயித்துக்கெழம நைட்டு ஃப்ளைட்டு. போனா வர ரெண்டு வருஷம்."

அன்று மாலை ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டர் ஆற்றங்கரையில் ஒரு புதுப் பொம்மை வந்து நின்றது. நீலக் கைலி கட்டியிருந்தது. தலைக்கு மேல் எழுத்துகள் மிதந்தன: "சலாம் டீச்சர். உள்ள வரலாமா?"

விரட்டியிருக்கலாம். ஆனால் இந்த ஆள் இன்னும் என்னென்ன தெரிந்து வைத்திருக்கிறான் என்று பார்க்கும் ஆசை விடவில்லை. அடுத்த நாளும் ஐந்து மணி, அதற்கடுத்த நாளும் ஐந்து மணி... டீக்கடை பெஞ்சின் ஒரு காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கும் என்று அவன் எழுதுவான், அவள் செங்கல் வைப்பாள். ஐஸ் கம்பெனிச் சுவரில் விரிசல் எங்கே என்பான், அவள் கோடு போடுவாள்.

"ஷார்ஜாவுல அவ்ளோ ஒசரத்துல, கேபின்ல தனியா ஒக்காந்திருப்பேன் டீச்சர்," என்று ஒருநாள் எழுதினான். "காலையில நான் கேக்கற மொதக் கொரல் உங்களுதுதான். நீங்க பாஸ்வேர்டப் பத்திப் பேசினாலும் எனக்கு நல்லாத்தான் இருக்கும்."

தஸ்னீம் அதை மூன்று தரம் படித்தாள். பேச்சை மாற்ற அவசரமாக எழுதினாள்: "எங்க வாப்பாவத் தெரியுமா? பஜார்ல கயித்துக்கடை. ஊரே மஜீது பாய்னுதான் கூப்பிடும். ரொம்பக் கண்டிப்பு!"

"நான் எப்படிக் கூப்பிடணும்?"

"நீங்களும் மஜீது பாய்னுதான்!"

எல்லாம் சரி, சூரியனை மட்டும் அவள் நகர்த்தவே இல்லை. 'எல்லாத்தையும் நான் செக் பண்ணிட்டேன்' என்று வகுப்பில் மார்தட்டியிருந்தாள். இப்போது எந்த முகத்தோடு மாற்றுவது? டீச்சர் என்றால் சும்மாவா! அதற்கடியில் வேறொரு வெட்கமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

புதன்கிழமை வந்தது வினை. பதினைந்து பெண்களின் பொம்மைகளும் ஆற்றங்கரையில் கூடியிருந்தபோது, நீலக் கைலி எல்லோரும் படிக்கும்படி எழுதியது: "டீச்சர் ஒரு தடவ 'தப்பு என்னோடது'ன்னு சொன்னா போதும்... சூரியன் தானா கெழக்கால எந்திரிச்சிடும்!"

பொம்மைகள் குதித்துக் குதித்துச் சிரித்தன. தஸ்னீமுக்கு முகம் ஜிவ்வென்று சுட்டது. என் பிள்ளைகள் முன்னாடியா? ஒரே அழுத்து. பிளாக்! நீலக் கைலி மறைந்துவிட்டது.

மறுநாள் ஐந்து மணி ஆனது. ஆற்றங்கரை இருந்தது, செங்கல் வைத்த பெஞ்ச் இருந்தது... உட்காரத்தான் ஆளில்லை.

அல்மாஸ் தயங்கித் தயங்கி வந்தாள். "அண்ணன் சாரி சொல்லச் சொல்லிச்சு டீச்சர். வெளையாட்டுக்குத்தான் எழுதிச்சாம். ஞாயித்துக்கெழம கெளம்புது..."

"சொல்லிட்டல்ல? போய் வேலையப் பாரு."

சொல்லிவிட்டாளே தவிர நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. ஞாயிறு போனால் இரண்டு வருடம்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து மனசில் இருந்ததையெல்லாம் எழுதினாள். கண்ணீரில் எழுத்து மங்கியது, பெரிதாக்கிக்கொண்டாள். மறுபடி மங்கியது, இன்னும் பெரிதாக்கினாள். ஆனால் அனுப்புவதா? பிளாக்கை எடுக்க வேண்டும், தோற்றேன் என்று ஆகும்... மாட்டேன் என்று அப்படியே லேப்டாப்பை மூடி வைத்துவிட்டாள், பிடிவாதக்காரி.

சனிக்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபம். வெளியே மழை. முன்வரிசையில் வெள்ளைத் தொப்பியும் பெருமையுமாக வாப்பா அப்துல் மஜீத் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரிசையில் அல்மாஸ்... அவள் பக்கத்தில்... யா அல்லாஹ், அவனேதான்! அந்தக் கண்களில் இன்று சிரிப்பில்லை.

தஸ்னீம் அவசரமாகத் திரும்பி, "எங்க ஊரைப் பாருங்க!" என்றபடி புரொஜக்டர் ஒயரைச் செருகினாள்.

திரையில் ஊர் வரவில்லை. எழுத்து வந்தது. ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு!

'யாசர், தப்பு என்னோடதுதான். நான் பொறந்ததுலேருந்து சாயங்காலத்துலதான் கடலப் பாத்திருக்கேன். பொம்பளப் புள்ளைங்கள அப்பத்தான் கூட்டிட்டுப் போவாங்க. விடியக்காலக் கடல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. அதான் சினிமாவுல பாத்த மாதிரி சூரியனக் கடலுக்குள்ள எறக்கிட்டேன். இத வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீங்க வராத ஆத்தங்கரை எனக்குப் பிடிக்கல. உங்களத்தான் பிடிச்சிருக்கு. ஒருநாள் விடியறத எனக்குக் காட்டுவீங்களா?'

மூடப் பார்த்தால் மவுஸ் கைக்குள் நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவள், தன் பாடத்திலேயே வழுக்கி விழுந்துவிட்டாள்!

"ஒன்பதாம் நம்பர் டிப்ஸ், டீச்சர்..." மூன்றாவது வரிசையிலிருந்து அவன் குரல் மெல்ல வந்தது. கேலியாக இல்லை.

வாப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி முழுக்கப் படித்தார். "யாரும்மா இந்த யாசரு?"

தஸ்னீமின் கண் தானாக மூன்றாவது வரிசைக்குப் போனது. அப்போது அவன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்வரிசைக்கு வந்து நின்றான்.

"நான்தான்... மாமா."

பெண்கள் "ஓ!" என்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

"மாமாவா? ஊரே என்னைய மஜீது பாய்ங்குது. நீ மட்டும் என்னாடா மாமாங்கற?"

"பாய்னுதான் கூப்பிடணும்னு உங்க பொண்ணும் சொன்னாங்க. எனக்குத்தான் வாய் வரல."

வாப்பாவின் மீசை துடித்தது. கோபமா, சிரிப்பா... தஸ்னீமால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இன்னிக்கே உங்க உம்மாவ வீட்டுக்கு அனுப்பு. மத்தத பெரியவங்க பேசிக்கிறோம்," என்றார் அவர். பிறகு மகளைப் பார்த்தார். பார்த்த பார்வையில் குரல் தானாகத் தணிந்தது. "இத்தன வருஷமா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேம்மா நீ. நாளைக்கு விடியக்கால ஃபஜ்ரு தொழுதுட்டு நானே கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவனும் வரட்டும்... பத்தடி தள்ளி நிக்கணும்!"

தஸ்னீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். "கண்ணுங்களா... தப்பு என்னோடது," என்றாள், பதினைந்து பேரும் கேட்க. பிறகு கடிதத்தை மூடி, ஊரைத் திறந்து, சூரியனைப் பிடித்து நகர்த்தினாள். படகுத்துறைக்கு அப்பால், கடலுக்குள்ளிருந்து செக்கச்செவேலென்று அது எழுந்து வந்தது. மண்டபம் கைதட்டியது.

யாசர் மேசையருகே வந்தான். "எழுதினத ஊரே படிச்சிடுச்சு. எனக்கு மட்டும் ஒரு தடவ வாயால சொல்லக்கூடாதா டீச்சர்?"

இந்த முறை அவள் ஒன்பதாம் நம்பர் டிப்ஸை மறக்கவில்லை. முதலில் மைக்கை அணைத்தாள். அப்புறம் அந்தக் கண்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"பிடிச்சிருக்கு யாசர்... ரெண்டு வருஷம் ஆனாலும் தெனம் காலையில ஏழு மணிக்கு நான் உங்ககிட்டத்தான் பேசிட்டு இருப்பேன்."