பாதிக் கதை

மகளின் ‘ம்’ தப்பான மூலையிலிருந்து வந்தது.

தையல்காரி மெஷினிலிருந்து காலை எடுத்தாள். துரைமார் காலத்தில் மலையுச்சியில் கட்டிய அந்தப் பங்களாவை இப்போது ஓட்டலாக மாற்றுகிறார்கள். ஆளுயர ஜன்னல்களுக்குத் திரை தைக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஐந்து வயது மகளையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். ‘வாலு’ என்று சும்மாவா கூப்பிடுகிறார்கள்? கண்ணைத் திருப்பினால் போதும், காணாமல் போய்விடும். இல்லாவிட்டால் வெட்டிப்போட்ட துணிக்குள் புகுந்து தூங்கிவிடும். அதற்காகவே கதை. ஊசியைப் பார்த்தபடி இவள் வாயில் வந்ததைச் சொல்வாள், அது முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து உம் கொட்டும். உம் வருகிறவரை பிள்ளை பத்திரம்.

மாடியில் அந்த அறை ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பிள்ளை வளர்ந்த அறை. ஜன்னலுக்குக் கம்பி, கதவு நிலையில் உயரம் அளந்த பென்சில் கோடுகள். காலையில் வாலு அதில் முதுகை ஒட்டி நின்று பார்த்தது. கடைசிக் கோடு சரியாக அதன் உச்சந்தலையில் வந்து நின்றது.

“அதுக்கு மேல அந்தப் பிள்ளை வளரல,” என்றார் சாவி கொடுக்க வந்த காவல்காரர். “இங்கிலீஷே சரியா வராதாம், ஆயாகிட்டயே வளந்தது. அவ கதை சொன்னாத்தான் தூங்கும். காய்ச்சல்ல கெடந்தப்ப பாதிக் கதையில ஆயாவைக் கீழ கூப்பிட்டாங்களாம். திரும்பி வர்றதுக்குள்ள போயிடுச்சு. பின்னால சரிவுலதான் புதைச்சிருக்கு.”

“சின்னப்பிள்ளை முன்னாடி பேசற பேச்சாண்ணே இது?” என்று அவள் சிடுசிடுத்தாள்.

இப்போது சாயங்காலம். மூடுபனி ஜன்னல் இடுக்குகளில் நுழைந்து அறையெல்லாம் பரவ, கணப்பில் கிடந்த பழைய கரி ஈரத்தில் நாற, கீழே எங்கோ மரப்பலகை ஒன்று யாரோ மிதித்ததைப் போல முனகி அடங்க, கரண்டும் போனது.

“அப்ப அந்த வாலில்லாத குதிரை, தையல்காரன்கிட்ட வந்து நின்னுச்சாம்…”

“ம்.”

கணப்புப் பக்கமிருந்து வந்தது. வாலு கதவோரம்தானே உட்கார்ந்திருந்தது? நகர்ந்திருக்கும்.

“தூக்கம் வருதாடி?”

“ம்.”

போதும், மீதியை நாளைக்குத் தைத்துக்கொள்ளலாம். உம் வந்த பக்கம் தடவிக்கொண்டே போனாள். சின்னக் கைகள் எட்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. பனியில் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. சால்வையைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் தன் செருப்பை மாட்டினாள். அதன் குட்டிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். கதவைப் பூட்டினாள்.

பாதை தெரியவில்லை. தன் பயத்தை அடக்கக் கதையைத் தொடர்ந்தாள்.

“தையல்காரன் குதிரைக்கு ஒரு வால் தச்சானாம்…”

“ம்.”

“நல்ல நீளமான வால்…”

“ம்.”

தோள் கனத்தது. போன வாரம்தான் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை, பஞ்சாக இருக்கும். இப்படிக் கனக்காது. மூச்சும் படவில்லை. கழுத்தில் பட வேண்டிய மூச்சு.

கேட்டருகே நின்றாள்.

“செருப்பைப் போட்டுக்கிட்டு நடம்மா. அம்மாவால முடியல.”

சால்வைக்குள் கையை விட்டுக் காலைத் தேடினாள். விரலில் தட்டுப்பட்டது வெறுங்கால் இல்லை. பூட்ஸ். கணுக்கால்வரை இறுக்கிக் கட்டிய தோல் பூட்ஸ். பித்தளைக் கொக்கி. இடுக்கெல்லாம் ஈர மண்.

அப்போது மேலே, பூட்டிய பங்களாவின் மாடியில், யாரோ கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள்.

“அம்மா! துணிக்குள்ள தூங்கிட்டேன்மா! என்னை விட்டுட்டுப் போகாதம்மா!”

வாலுவின் குரல்.

அவள் திரும்பினாள். ஓடப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின. வாய் திறந்து கிடந்தது. கதை மறந்து போயிருந்தது.

சில்லென்ற கன்னம் ஒன்று அவள் கன்னத்தோடு வந்து ஒட்டியது.

“அப்புறம்?”