சுருக்குப்பையில் தொலைந்த குரல்

திங்கட்கிழமை, காலை 9.10. ஏலக்காரரின் குரல் காணாமல் போயிருந்தது.

ஆள் என்னவோ எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கட்டு, மடியில் எழுதி அழிக்கிற சிறு பலகை. தொண்டையில் வந்த கட்டியோடு குரல்வளையையும் மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள். அப்படி ஆகும் என்று தெரிந்துதான் அறுவைக்கு முன்பே இந்தக் குரல் காப்பகத்துக்கு வந்து, வாக்கியம் வாக்கியமாகப் பேசிப் பதிந்து வைத்திருந்தார். இன்று அதைக் கையடக்கக் கருவி ஒன்றில் ஏற்றித் தருவதாக ஏற்பாடு. விரலால் தட்டினால் கருவி அவர் குரலிலேயே பேசும்.

கணினிக்காரர் கோப்பைத் திறந்தார். திரையில் காப்பக இயக்குநரின் புன்னகை வந்தது. கீழே ஒரு வரி: ‘சிறு தடங்கல். தங்கள் குரலே எங்கள் மூச்சு.’

மறுபடி தட்டினார். மறுபடி புன்னகை. வேறொருவரின் கோப்பைத் தட்டினார். காப்பகத்தில் குரல் வைத்திருந்த அத்தனை பேருக்கும் அதே புன்னகைதான்.

"முதல்ல பதிஞ்ச ஒலி இருக்குமே?" என்றார் ஏலக்காரரின் மனைவி.

"அது ரொம்ப இடம் அடைக்கும்மா. குரலோட ஏற்றம், இறக்கம், மூச்சு எல்லாத்தையும் எண்ணா மாத்தி, குட்டிக் குட்டிக் கோப்பா சுருக்கி வெச்சதும் அதை அழிச்சிடுவோம். அதான் இங்க வழக்கம்."

மனைவி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "முப்பது வருஷமா இவரை வாயை மூடுங்க, வாயை மூடுங்கன்னேன். எந்தக் கடவுள் காதுல விழுந்துச்சோ. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கலாம்னு இன்னிக்கு வந்தேன்." பிறகு தணிந்த குரலில், "பதியும்போது ஒரே ஒரு பதிவுக்கு மட்டும் என்னை வெளிய அனுப்பிட்டார். என்னன்னு கேட்டா, கருவி வந்ததும் கேட்டுக்கோன்னார்."

ஏலக்காரர் பலகையில் ஏதோ எழுதினார். காட்டாமலே துடைத்தார்.

காலை 10.30. இயக்குநர் காவல்துறையை வரவழைத்திருந்தார். காவல்துறைக்கு முன்பே அவர் அமர்த்திய புகைப்படக்காரர் வந்துவிட்டார்.

வந்தவர் கணினிக் குற்றப் பிரிவின் பெண் ஆய்வாளர். துறையில் அவருக்கு ‘ஏன் மேடம்’ என்று பெயர். மேலதிகாரிகளிடமும் அதே கேள்வியைக் கேட்கும் பழக்கம் இருந்ததால், பதவி உயர்வு அவரைக் கண்டால் எதிர்த் தெரு வழியாகப் போய்விடும்.

"இது நாசவேலை," என்றார் இயக்குநர், புகைப்படக்காரர் இருந்த பக்கம் பார்த்து. "குற்றவாளி யாரா இருந்தாலும் சரி, அந்தஸ்து பார்க்காம நடவடிக்கை எடுக்கணும்."

"யார் மேல சந்தேகம்?"

"சுருக்குப்பை!"

சுருக்குப்பை என்பது ஒரு நிரல் தொகுப்பு. பெரிய கோப்புகளைச் சின்னதாகக் கட்டி வைக்கும். கேட்டால் சேதமில்லாமல் அவிழ்த்துத் தரும். எழுதியவர் மூலநிரலை ஊருக்கே திறந்து வைத்திருக்கிறார். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், காசு வேண்டாம். வங்கி முதல் விளையாட்டுச் செயலி வரை பலருக்குள்ளும் அது உட்கார்ந்து உழைத்துக்கொண்டிருக்கிறது. குழாயைத் திறக்கும்போது குழாய் பதித்தவரை யார் நினைக்கிறார்கள்?

"ஓசியில வந்தது ஓசிப் புத்தியைக் காட்டிடுச்சு," என்றார் இயக்குநர். "சனிக்கிழமை அதோட புதுப் பதிப்பைப் போட்டோம். இன்னிக்கு எல்லாம் போச்சு. பழைய பகையும் இருக்கு. ஆறு வருஷம் முன்னாடி எங்க கோப்பு ஒண்ணைக் கட்டும்போது இதே பை கிழிஞ்சுது. அப்ப இருந்த கணினிக்காரர் அந்தக் கோப்பையே அனுப்பி, எழுதின அம்மாகிட்ட புகார் பண்ணினார். அதை மனசுல வெச்சிருந்து இப்ப பழி வாங்கிட்டாங்க."

"ஆறு வருஷம் காத்திருந்தா?"

"பெண்களுக்கு ஞாபகம் அதிகம்." ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களைச் சொல்லல மேடம்."

ஆய்வாளர் கணினிக்காரர் பக்கம் திரும்பினார்.

"புதுப் பதிப்பு போட்டதும் சோதிச்சீங்களா?"

"சோதிச்சேன் மேடம். இவர் குரலைத்தான் போட்டேன். ஜோரா பேசிச்சு."

"இப்ப கோப்பெல்லாம் இருக்கா?"

"இருக்கு. அளவு மாறல, தேதி மாறல. யாரும் தொட்ட மாதிரியே இல்ல."

"இதே பையில கட்டினது வேற என்ன இருக்கு?"

"ஐயாவோட சொற்பொழிவு வீடியோ."

"அவிழுதா?"

கணினிக்காரர் ஓரக்கண்ணால் இயக்குநரைப் பார்த்தார். "அது நல்லா அவிழுது மேடம்."

இயக்குநர் மனிதகுல எதிர்காலம் பற்றிப் பேசிய மூன்று மணி நேரப் படம் ஒரு கீறல் இல்லாமல் ஓடியது. அறையில் அதற்காக யாரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

"அந்தப் புன்னகைச் செய்தி ஏன்?"

"முன்னாடி எண்ணும் எழுத்துமா என்னவோ வரும்," என்றார் இயக்குநர். "நோயாளிகள் பயந்துடக் கூடாதேன்னு நான்தான் மாத்தினேன்."

"ஞாயித்துக்கிழமை இங்க யார் வந்தாங்க?"

கணினிக்காரர் சுவரைப் பார்த்தார். அங்கே நேற்று எடுத்த புத்தம்புதுப் படம் ஒன்று: நாடா கட்டிய கணினி, விசைமேல் இயக்குநரின் விரல், பின்னால் ‘தூய கணினி இயக்கத் தொடக்க விழா’. அந்தக் காப்பகத்தில் நோயாளிக்கு நாள் கிடைக்க மூன்று மாதம் ஆகும். படம் மாட்ட ஒரு ராத்திரி போதும்.

"அஞ்சு வருஷமா மாற்றமே இல்லாம, யார் பேரும் இல்லாமத் தூங்கற கோப்பெல்லாம் குப்பை," என்றார் இயக்குநர். "காப்பு நகல் வரைக்கும் என் கையாலயே பெருக்கித் தள்ளினேன். ஆனா நோயாளி கோப்பு ஒண்ணைக்கூடத் தொடல."

அது உண்மையும்கூட. ஆய்வாளர் சரிபார்த்துவிட்டார்.

பகல் 12.40. சுருக்குப்பைக்காரர் வந்தார். நாசவேலைக்காரி என்றால் ஒரு கறுப்புக் கண்ணாடியாவது போட்டிருப்பாள் என்று நம்பிய புகைப்படக்காரர் ஏமாந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பெண். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மடிக்கணினியும் சாப்பாட்டு டப்பாவும் ஒரே பையில் கிடக்க வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "எத்தனை பேரோட குரல்?" என்றார். சொன்னார்கள். "அத்தனை பேரா?" என்று பையைக் கீழே வைத்தார்.

"இந்த வேலைக்கு யார் சம்பளம் தராங்க?" என்றார் ஆய்வாளர்.

"யாரும் இல்ல மேடம்."

"அப்ப ஏன்?"

"என் கணினியில இடம் பத்தலன்னு எழுதினேன். எடுத்துக்குங்கன்னு வெளிய வெச்சேன். நிறைய பேர் திட்டி எழுதினாங்க. திட்டு நியாயமா இருந்தா திருத்தினேன்."

"நன்றின்னு யாரும் எழுதலையா?"

"ரெண்டு வந்துச்சு. ஒண்ணு வேற யாருக்கோ போக வேண்டியது."

வெளியே பெஞ்சில் ஏலக்காரர் பலகையில் ‘எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், என் தவறு’ என்று எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒரே சொல் சொன்னார்: "சோபா." ஏலக்காரரின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

"என்னம்மா அது?" என்றார் ஆய்வாளர்.

"ஒரு ஏலத்துல பழைய சோபாவைக் கேட்க ஆளே இல்ல. அதுக்கு மனசு வருத்தப்படுமேன்னு இவரே கேட்டு எடுத்துட்டார். வீட்டு வாசல்ல அது நுழையல. இன்னிக்கும் மாடிப்படி வளைவுலதான் கிடக்கு, தபால்காரர் ஏறிக் குதிச்சு வரார். தேவையில்லாம இவர் பழியைத் தலைமேல தூக்கிக்கிட்டா இவ்வளவையுமா சொல்வேன்? சோபான்னா போதும்."

"நீங்க சோபான்னதும் எனக்கு ஒண்ணும் புரியலையே."

"அப்ப உங்க தலைக்குள்ள அந்தக் கதை இல்லையே, மேடம்."

ஆய்வாளர் குறிப்பேட்டில் ‘சோபா’ என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்.

"பை கிழியல. சனிக்கிழமை அவிழ்ந்தது, ஐயா பேச்சு இப்பவும் அவிழுது. கோப்பும் கெடல. அப்ப கோப்புக்கு வெளிய இருந்த ஏதோ ஒண்ணுதான் போயிருக்கு. சுருக்குப்பை அம்மா, ஒரே ஜாடையில ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்பு இருந்தா, அதைக் கட்ட தனி வழி உண்டா?"

சுருக்குப்பைக்காரரின் கண்கள் விரிந்தன. "உண்டு. எல்லாத்துலயும் திரும்பத் திரும்ப வர்றதைத் தனிக் கோப்பா எடுத்து வெச்சிடலாம். அகராதிம்போம். குட்டிக் கோப்புல ‘அகராதியில இன்ன இடத்தைப் பார்’னு குறிப்பு மட்டும் இருக்கும். பெரிய வீடியோவுக்கு அது வேண்டாம்."

"அகராதி போயிட்டா?"

"குறிப்பு இருக்கும். பார்க்க இடம் இருக்காது."

"சோபாங்கற சொல் இருக்கும், கதை இருக்காது. சரி, அந்த அகராதியில நோயாளி பேர் இருக்குமா?"

"யார் பேரும் இருக்காது. ஒருதரம் செஞ்சா மாத்தவும் மாட்டாங்க. மாத்தினா பழசு அவிழாது."

எல்லாக் கண்களும் சுவரிலிருந்த படத்துக்குப் போயின.

"தம்பி," என்றார் ஆய்வாளர் கணினிக்காரரிடம், "அந்தப் புன்னகையைக் கொஞ்சம் நகர்த்துங்க."

புன்னகை போனது. அடியில் பழைய, அலங்காரமில்லாத ஒரு வரி: ‘அகராதி எண் 71 கிடைக்கவில்லை.’

"காலையிலேர்ந்து இந்தக் கணினி உண்மையைத்தான் சொல்லிட்டிருந்தது. உங்க முகம்தான் மறைச்சது. பெருக்கினதும் நீங்க, மறைச்சதும் நீங்க. அந்தஸ்து பார்க்கக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதான்."

புகைப்படக்காரர் தன் தொழில் வாழ்வின் சிறந்த படத்தை எடுத்தார். இயக்குநர் அதற்குப் பணம் தரவில்லை என்று பின்னால் தெரிந்தது.

"யார் பண்ணினா என்ன?" என்றார் மனைவி. "திரும்பி வருமா, வராதா?"

கணினிக்காரர் கையை விரித்தார். ஆய்வாளர் மட்டும் சுருக்குப்பைக்காரரைப் பார்த்தார். "ஆறு வருஷம் முன்னாடி புகாரோட ஒரு கோப்பு வந்துச்சாமே. அது என்ன?"

அவர் ஏற்கெனவே சாப்பாட்டு டப்பாவை ஓரம் தள்ளி மடிக்கணினியை விரித்துக்கொண்டிருந்தார். "அகராதிதான் மேடம். அதைச் சேர்த்துக் கட்டும்போதுதான் கிழிஞ்சுது. என் பையைக் கிழிச்சதை நான் தூக்கிப் போடவே மாட்டேன். ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் முன்னாடி அதையெல்லாம் மறுபடி கட்டி, அவிழ்த்து, சரியா இருக்கான்னு பார்ப்பேன். போன வாரம்கூடப் பார்த்தேன். யாரோடதுன்னு மறந்தே போச்சு." விரல் திரையில் நின்றது. "எழுபத்தொண்ணு."

பகல் 2.05. அகராதி தன் இடத்துக்குத் திரும்பியதும், குரல் ஏறிய கருவி ஏலக்காரர் கைக்கு வந்தது. இயக்குநர் முன்னால் வந்து தொண்டையைக் கனைத்தார். "இந்த மீட்பு, எனது தலைமையின் கீழ்…"

ஏலக்காரர் கருவியைத் தட்டினார். அறையே அதிர்ந்தது: "கேட்பார் யாரும் இல்லையா? ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

பேச்சு அதோடு ஏலம் போயிற்று.

அடுத்து சுருக்குப்பைக்காரர் பக்கம் திரும்பித் தட்டினார். கரகரத்த, சூடான குரல்: "ரொம்ப நன்றிம்மா."

"இது எனக்குத்தானே வந்திருக்கு?" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஏலக்காரர் மனைவியைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுத் தட்டினார்.

"எவ்வளவோ பொருளுக்கு ஊரே கேட்கக் கத்தியிருக்கேன். உனக்கு நன்றி சொல்ல மட்டும் எந்தச் சத்தத்துல சொல்றதுன்னு தெரியல. அதான் சும்மா இருந்துட்டேன்."

மனைவி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இதைச் சொல்லவா என்னை வெளிய அனுப்பினீங்க?" என்றார். கொஞ்சம் கழித்து, "இன்னொரு தரம்."

தட்டினார்.

"மூணாவது தரம்," என்றார் மனைவி.

‘ஏன் மேடம்’ இந்த முறை ‘ஏன்’ என்று கேட்கவில்லை.