மஞ்சள் வாளியில் ஒரு சொல்

இளவேனிலுக்கு வேலையே ‘சரி’ சொல்வதுதான். காலையில் திருச்சி அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தால், திரையில் மாற்றங்கள் ரேஷன் கடை வரிசைபோல நிற்கும். ஒரு நாவலில் இரண்டு பக்கத்துக்குப் பெய்த மழை, சேலத்து வாசகர் ஒருவருக்காக நாலு வரியில் விட்டுவிடும். சரி. இன்னொன்றில் ‘செத்தார்’ என்பது ‘கண்மூடினார்’ ஆகும். சரி. பதவியின் பெயர் ஒப்புநர். பக்கத்து மேசை லோகித் அதை ‘ஒப்பேத்துநர்’ என்பான். முதலில் அதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அதற்கும் தெம்பில்லை.

விளம்பரத்தில் ஃப்ளெக்ஸ்புக், அரசாணையில் நெகிழ்நூல். அச்சு நின்றுபோய், நூல்கள் எல்லாம் வாசிப்புப் பலகைக்குள் போன பிறகு வந்த ஏற்பாடு அது. நீங்கள் பலகையைப் பார்க்கும்போது பலகையும் உங்களைப் பார்க்கும். கண் எந்தச் சொல்லில் தடுக்குகிறது, எங்கே மூச்சு மாறுகிறது என்று சென்சார் குறித்துக்கொள்ளும். அதற்கு ‘உறுத்தல்’ என்று பெயர். உறுத்திய இடத்தை இயந்திரம் வழித்து மெழுகிவிடும், உங்கள் பிரதியில் மட்டும். சொல்லை மாற்றலாம், கதையை மாற்றக் கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டம் போட்டவர்கள் சொல் வேறு, கதை வேறு என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம்.

“அக்கா, மூலம் கேட்டு ஒருத்தங்க வந்திருக்காங்க. டாக்டர்கிட்ட அனுப்பவா?” என்றான் லோகித். அந்த அலுவலகத்தில் இதைவிடப் பழைய நகைச்சுவை கிடையாது.

வந்தவர் ரெஜினா. எழுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற நர்ஸ். ஒரே ஒரு நாவல் எழுதியவர். ‘மஞ்சள் வாளி’ என்ற அந்த நாவலை நிறுவனத்தின் எழுதுசெயலியிலேயே எழுதி, அங்கேயே கொடுத்திருந்தார். கையில் வேறு பிரதி வைத்துக்கொள்ளவில்லை.

“நேத்து என் புத்தகத்த நானே தொறந்து படிச்சேம்மா. வசந்தி வீட்டுக்குத் திரும்பி வந்துட்டா.”

இளவேனில் நிமிர்ந்து பார்த்தாள். போன மாதம் அவளும் அதைப் படித்திருந்தாள். அவள் படித்ததில் வசந்தி திரும்பவில்லை. தண்ணீர் வாளியை வாசலில் வைத்துவிட்டு, புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறவள், போனவள்தான். இந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது, குழப்பிக்கொள்கிறார் என்று தோன்றியது.

“நீங்க எப்படிம்மா எழுதியிருந்தீங்க?”

“போறேன்னு எழுதியிருந்தேன். நம்ம ஊர்ல தெருமுனைக் கடைக்குப் போறவகூட வர்றேன்னுதானே சொல்லுவா? போறேன்னு சொன்னா, சொல்லாதடின்னு பதறுவாங்க. வசந்தி தெரிஞ்சே போறேங்குறா. அந்த ஒரு வார்த்தைலதான் என் நாவலே நிக்குது. இப்ப தொறந்தா ‘வர்றேன்’னு இருக்கு. அதுக்கப்பறம் எல்லாமே மாறிக் கெடக்கு.”

இளவேனில் மாற்றப் பதிவைத் திறந்தாள். ‘போறேன்’ என்ற இடத்தில் வாசகர்களின் கண் தடுக்கியிருந்தது. இயந்திரம் அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு, இலக்கணம் தெரிந்த பிள்ளையாக ‘மங்கல வழக்கு’ என்ற தலைப்பில் ‘வர்றேன்’ ஆக்கியிருந்தது. செத்தாரைக் கண்மூடினார் ஆக்குவதும் அதே தலைப்புதான். வர்றேன் என்றவள் வராமல் போனால் வாசகருக்கு அது அடுத்த உறுத்தல். அதனால் பின்வந்த அத்தியாயங்களில் ஒவ்வொரு சொல்லாக மாற்றி, கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் நிறுத்தியிருந்தது. எல்லா மாற்றத்துக்கும் நேராக ‘சரி’ இருந்தது. இளவேனிலின் சரி.

“என் பிரதியில எப்படிம்மா மாறும்? நான் எழுதுனதாச்சே.”

“உங்களுக்கும் அந்த இடத்துல உறுத்தியிருக்கும்மா.”

“இருக்கும். அப்ப இருந்த தைரியம் இப்ப இல்ல” என்றார் ரெஜினா. “மூலத்தக் குடும்மா. போறதுக்குள்ள அத ஒருதடவ சரியாப் பாத்துடணும்.”

மூலம் இல்லை. வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்த்து வழக்குப் போடுகிறார்கள் என்று நிறுவனம் மூலங்களை எல்லாம் எப்போதோ அழித்துவிட்டது. ஒரே வழிதான். மாறாத வாசகர் பிரதி ஒன்று கிடைத்தால் அதையே மூலமாக்கி, இனி யாருக்காகவும் மாறாத பூட்டிய பதிப்பாக வெளியிடலாம். தன்னுடைய பிரதியைப் போல நூறாவது இருக்கும் என்ற நம்பிக்கையில் இளவேனில் தேடவிட்டாள்.

வர்றேன், வர்றேன் என்று திரை இறங்கிக்கொண்டே போனது. பெண்கள், ஆண்கள், கல்யாணம் ஆனவர்கள், ஆகாதவர்கள், எல்லோருக்கும் வர்றேன். ஒரே ஒரு பிரதியில் ‘போறேன்’ அப்படியே இருந்தது. பக்கத்தில் ‘உறுத்தல்: இல்லை’ என்று இருந்தது. வாசகர் எண்ணை அவள் படித்துப் பார்க்கவே தேவையில்லை, அவளுடையதுதான்.

ஊரில் ஒருவர் விடாமல் தடுக்கிய சொல்லை அவள் கண், தண்ணீர் குடிப்பதுபோலக் கடந்திருந்தது.

போன மாதத்து ராத்திரிச் சாப்பாடு ஞாபகம் வந்தது. கபிலேஷ் நல்லவன். அடிப்பதில்லை, குடிப்பதில்லை, பாத்திரம் தேய்க்கிறான். ஒரே கூரைக்குக் கீழே அவனுக்கு அவன் செய்தி, அவளுக்கு அவள் பாட்டு என்று அளவெடுத்துத் தைத்ததைப் போட்டுக்கொண்டு, பேச ஒன்றும் மிச்சமில்லாமல் இருவரும் களைத்திருந்தார்கள். அவள் படித்தாளே என்று அவனும் ‘மஞ்சள் வாளி’யைப் படித்துவிட்டு வந்து, “கடைசில வசந்தி வந்து அடுப்புல பால வக்கிற எடம் நல்லாருந்துச்சுல்ல?” என்றான். படிக்காமலே கதை விடுகிறான் என்று நினைத்தாள். சண்டை போட அலுப்பாக இருந்ததால் “ஆமா” என்றாள். அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அந்தச் சொல் அவனுக்கு உறுத்தியிருக்கிறது.

பூட்டிய பதிப்பு வெளியானால், எந்த வாசகரின் பிரதியிலிருந்து எடுத்தது என்று பெயர் போட்டு, படித்தவர்கள் எல்லோருக்கும் அறிவிப்புப் போகும். விதி அப்படி. கபிலேஷுக்கும் போகும். பிரதி கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் ரெஜினா எழுந்து போய்விடுவார். யாரையும் உறுத்தாத அந்த மாதிரி வார்த்தைகளில்தான் இளவேனிலின் பிழைப்பே ஓடுகிறது.

“கெடச்சிருக்கும்மா” என்றாள். “ஒண்ணே ஒண்ணு.”

ரெஜினாவின் முகம் மலர்ந்து, பிறகு மெல்ல வாடியது. நர்ஸ் அல்லவா, ஒரு எண்ணைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் இருக்கிற ஆளைத் தேடும் பழக்கம் போகவில்லை. “ஒருத்தருக்கு மட்டுந்தான் உறுத்தலையா? பொண்ணாத்தான் இருக்கணும். நல்லா இருக்காளாம்மா?”

“வேலை ஜாஸ்தி போல. களைச்சுப் போயிருப்பா” என்று சொல்லி, இளவேனில் பூட்டிய பதிப்புக்குக் கடைசியாக ஒரு சரியை அழுத்தினாள்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது கபிலேஷ் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். அறிவிப்பைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, தினமும் சொல்வதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“போறேன்.”

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு அவன் கூடத்துக்கு வந்தான்.

“உன் பேரு போட்டிருந்துச்சு” என்றான். “பூட்டுனத விடியக்காலைல எந்திரிச்சுப் படிச்சேன். வாளிய வச்சிட்டு அவ போயிடுறா.”

“ம்.”

“நான் படிச்சப்ப வந்துட்டா, வேனி.”

“தெரியும் கபி.”

கையிலிருந்து நுரை தரையில் சொட்டுவதை அவன் பார்க்கவில்லை. “வர்றேன்னு சொல்லு” என்றான். குரல் மிகவும் இறங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

‘சரி’ என்று சொல்லத்தான் நாக்கு போனது. நாள் முழுக்கச் சொல்கிற சொல், தானாகவே பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதன் பின்னால் அடுப்பில் வைத்த பாலும் அடுத்த அத்தியாயங்களும் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போன மாதம் உறுத்தாத ‘போறேன்’ இப்போது உறுத்தியது.

பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.